ரூ. 3,800 பாக்கியும் ஒரு பிள்ளையின் ஞானஸ்நானமும்: எங்கள் சேகர கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குருவானவர் ஐயரவர்களுக்கும் நம் சபையை நடத்துகிற சேகர கமிட்டியார் அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

இதை முதலில் ஒரு கவரில் போட்டு கோயில் அலுவலறையான வெஸ்டிரியில் கொடுக்கத்தான் நினைத்தேன். கொடுத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "அடுத்த கூட்டத்தில் வைப்போம் டீச்சர்" என்பீர்கள். நாலு கூட்டம் தாண்டியதும் 'நேரமின்மையால் விவாதிக்கப்படவில்லை' என்று மினிட்டில் ஒரு வரி வரும். அதனால்தான் திறந்தே எழுதுகிறேன். ஊர் பெயரை எழுதவில்லை. எழுதினால் நம் ஊர் வழக்காகச் சுருங்கிவிடும். கல்யாணம், துட்டி என்று இந்தத் தேரிக்காட்டைச் சுற்றி நாலு கோயில் போய் வருகிற யாருக்கும் இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை என்று தெரியும்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். போன கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் இருக்கும்போது, ஞாயிறு பள்ளி நாடகத்துக்காக மைக் செட் அறைச் சாவி வாங்க வெஸ்டிரிக்கு வந்தேன். நம் சபைப் பிள்ளைகள் இரண்டு பேர், புருஷனும் பெண்டாட்டியும், நின்றுகொண்டிருந்தார்கள். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. அவன் கட்டிங், அவள் செக்கிங். அவள் தோளில் ஐந்து மாதப் பெண் குழந்தை. ஊருக்கு வந்த இடத்தில் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று கேட்க வந்திருக்கிறார்கள். பொறுப்பில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். உட்காரச் சொன்னார், பிள்ளையின் கன்னத்தைத் தட்டினார். அப்புறம் மாதாமாதம் சபைக்குக் கட்டுகிற சங்கக் காணிக்கையின் நோட்டை எடுத்து, விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுப் புரட்டினார். 38 மாதம் பாக்கி. மாதம் 100 வீதம் 3,800 ரூபாய்.

"கட்டிட்டு ரசீதைக் காட்டுங்க, இந்த ஞாயிறே வச்சிருவோம்."

அந்தப் பையன் பாதியை இப்போது கட்டுகிறேன், மீதியை ஈஸ்டருக்கு வரும்போது தருகிறேன் என்றான். கமிட்டித் தீர்மானம், நான் ஒருத்தன் மாற்ற முடியாது என்று பதில் வந்தது. உண்மைதான். அவர் ஒருத்தர் மாற்ற முடியாது. அதனால்தான் உங்கள் எல்லாருக்கும் எழுதுகிறேன்.

வெளியே வந்து, கேட் பக்கத்தில் அவளைப் பிடித்து, நான் கட்டுகிறேன் என்றேன். அவள் பிள்ளையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டு சொன்னாள்: "வேண்டாம் டீச்சர். நாளைக்கு இவ வளந்து, எனக்கு யாரு ஞானஸ்நானம் குடுத்தான்னு கேட்டா, டீச்சர் ரசீது வாங்கிக் குடுத்தாங்கன்னா சொல்ல முடியும்?" 27-ஆம் தேதி ராத்திரி பஸ்ஸில் போய்விட்டார்கள். திருப்பூரிலேயே வாங்கி வந்திருந்த வெள்ளைக் கவுன் கவரைப் பிரிக்காமலே திரும்பிப் போனது.

அன்றிலிருந்து இது எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது. வயதானால் தூக்கம் குறையும் என்கிறார்கள், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என் அப்பா இந்தக் கோயிலில் 31 வருடம் மணியடித்துக் கோயிலைக் கவனிக்கிற கோயில்பிள்ளையாக இருந்தவர் என்பது உங்களில் மூத்தவர்களுக்குத் தெரியும். ஞானஸ்நானம் இருக்கிற ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லாருக்கும் முன்னால் அவர் எழுந்துவிடுவார். குளிர்காலமானால் வெஸ்டிரிக்குப் பின்னால் பனைமட்டையைப் பற்ற வைத்து ஒரு செம்பு தண்ணீரைச் சுட வைத்து, பச்சைத் தண்ணீரில் விளாவி, முழங்கையை முக்கிப் பார்ப்பார். பிள்ளையைக் குளிப்பாட்டுகிற தாய் பார்ப்பதுபோல. சூடு கூடினால் ஒரு கை தண்ணீர், குறைந்தால் இன்னும் கொஞ்சம் சுடுதண்ணீர். கிணறுகள் வற்றி லாரித் தண்ணீர் வந்த வருடங்களில் எங்கள் வீட்டுக்குக் கிடைக்கிற நாலு குடத்தில் ஒன்று ஞானஸ்நானத் தொட்டிக்கு என்று ஒதுங்கிவிடும். அம்மா முணுமுணுப்பாள். ஆராதனை முடிந்ததும் மீதித் தண்ணீரை அப்பா தரையில் கொட்ட மாட்டார். கொண்டுபோய்ப் புன்னை மரத்தின் மூட்டில் ஊற்றுவார். இப்போது பைக் நிறுத்துகிறோமே, அதே மரம்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு மனுஷன் கைப்பிள்ளையோடு தனியாக வந்து நின்றான். குடிகாரன் என்று ஊரெல்லாம் பெயர். பெண்டாட்டி கோபித்துக்கொண்டு தாய்வீட்டில். பிள்ளையின் விசுவாசத்துக்குப் பொறுப்பேற்கிற ஞானப்பெற்றோர் என்று ஒருத்தரும் வரவில்லை. அன்றைய ஐயர், "ஞானத்தகப்பன் யாரு?" என்று கேட்டார். கோயில் முழுக்க மௌனம். நான் முன்வரிசைப் பாயில் உட்கார்ந்திருந்தேன். பின்னாலிருந்து காலடிச் சத்தம். அப்பா மணிக்கயிற்றை விட்டுவிட்டு, வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு வந்து நின்றார். அந்தப் பிள்ளைக்கு அப்புறம் பள்ளிக்கூடச் சட்டை எங்கள் வீட்டிலிருந்துதான் போனது. என் தம்பியின் பழைய சட்டைதான், ஆனால் காலரைத் திருப்பித் தைத்துப் போகும். அப்பா இறந்தபோது, யாரும் கூப்பிடாமலே மண்வெட்டியோடு கல்லறைத் தோட்டத்தில் வந்து நின்றவர், வளர்ந்துவிட்ட அந்தப் பிள்ளைதான்.

அந்த மனுஷன் சங்கக் காணிக்கை கட்டியிருந்தானா என்று எனக்குத் தெரியாது. அன்று யாரும் நோட்டைப் புரட்டவில்லை.

வேதத்தில் இதற்கு எங்கே போய்ப் பார்ப்பது என்றால், அப்போஸ்தலர் நடபடிகள் எட்டாம் அதிகாரத்துக்குப் போங்கள். ஒரே அதிகாரத்தில் இரண்டு ஆட்கள் வருகிறார்கள். முதலாமவன் சமாரியாவின் சீமோன். ஞானஸ்நானமும் வாங்கிவிட்டு, அப்போஸ்தலர் கை வைத்தால் ஆவியானவர் வருவதைப் பார்த்து, பணத்தைக் கொண்டுவந்து நீட்டுகிறான். பேதுரு பணத்தோடு நாசமாய்ப் போ என்று விரட்டுகிறார். கொஞ்ச வசனம் தள்ளி இரண்டாமவன் வருகிறான். காசாவுக்குப் போகிற வழியில், ரதத்தில் வருகிற எத்தியோப்பியன். கந்தாகே ராணியின் பொக்கிஷம் முழுவதற்கும் அதிகாரி, நம் பாஷையில் பொருளாளர்! அண்ணகன் வேறு, அதாவது ஆண்மை நீக்கப்பட்டவன். பழைய சட்டப்படி சபைக்குள்ளே சேர்க்கவே கூடாத ஆள். அவன் வழியில் தண்ணீரைக் கண்டதும், இதோ தண்ணீர் இருக்கிறதே, நான் ஞானஸ்நானம் பெறத் தடை என்ன என்று கேட்கிறான். அவனுக்கு வேதத்தை விளக்கிக்கொண்டு வந்த பிலிப்பு நினைத்திருந்தால் ஒரு கோயில் கட்டுகிற அளவுக்கு வாங்கியிருக்கலாம். அவன் கேட்டது முழு இருதயத்தோடு விசுவாசிக்கிறாயா என்ற ஒன்றைத்தான். பணம் கொண்டுவந்தவனுக்கு நாசம், பணப்பெட்டியின் சாவியையே வைத்திருந்தவனிடம் ஒரு பைசா கேட்கவில்லை. இந்தப் புத்தகத்தை எழுதின லூக்கா இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது சும்மா இல்லை என்பது என் எண்ணம்.

மதுரை அரசரடியில் இறையியல் படித்த என் தங்கை மகனிடம் இதைப் புலம்பியபோது, "பெரியம்மா, இது புதுசில்ல, 1,700 வருஷத்துப் பழைய வியாதி" என்று ஒரு விஷயம் சொன்னான். நாலாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பெயின் தேசத்தில் எல்விரா என்ற ஊரில் கண்காணிமார், அதாவது பேராயர்கள், கூடி 81 விதிகள் போட்டிருக்கிறார்கள். அதில் 48-ஆவது, ஞானஸ்நானம் பெறுகிறவர்கள் ஞானஸ்நானத் தண்ணீர்ப் பாத்திரத்தில் காசு போடுகிற பழக்கத்தை நிறுத்தச் சொல்கிறது. காரணமும் சொல்லியிருக்கிறார்கள். இலவசமாய்ப் பெற்றதைக் குருவானவர் விலைக்கு விற்பதுபோலத் தோன்றக் கூடாதாம். கவனியுங்கள், 'விற்கக் கூடாது' என்று மட்டும் இல்லை, 'விற்பதுபோலத் தோன்றக்கூடாது'. அந்தப் பழக்கத்தில் காசு போட்டவர்கள் நன்றிக்குப் போட்டிருப்பார்கள். அதையே வேண்டாம் என்றார்கள். நாம் ரசீதே கேட்கிறோம்.

நம் பக்கத்துக் கதைக்கு வருகிறேன். 1706-இல் தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்கு ஐயரும் அவர் கூட்டாளியும் வந்து இறங்கினார்கள். மறு வருடம் மே மாதம் அவர்கள் முதன்முதலில் ஞானஸ்நானம் கொடுத்த ஐந்து பேரும் டேனிஷ்காரர் வீடுகளில் அடிமைகளாக இருந்தவர்கள். தரங்கம்பாடி மிஷனின் முதல் ஞானஸ்நானம், தன் உடம்பே தனக்குச் சொந்தமில்லாத ஐந்து பேருக்கு. அவர்களிடம் காணிக்கை நோட்டு நீட்டியிருந்தால் எந்தப் பக்கத்தில் எழுதியிருப்பார்கள்?

அப்புறம் நம் திருநெல்வேலியின் ஆரம்பம். குளோரிந்தா அம்மாளைப் பற்றி எல்லாருக்கும் தெரியும், ஞாயிறு பள்ளிப் பரீட்சைக்கு நானே வருஷா வருஷம் கேட்கிற கேள்வி. தஞ்சாவூர் மராட்டியப் பிராமண விதவை. லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியோடு கல்யாணம் ஆகாமல் வாழ்ந்தவர். அப்போது ஞானஸ்நானம் கேட்டார், மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர் மறுத்துவிட்டார். அந்த அதிகாரி இறந்த பிறகு, 1778-இல் பாளையங்கோட்டையில் அதே சுவார்ட்ஸ் ஐயர் ஞானஸ்நானம் கொடுத்தார். 1780-இல் அந்தச் சபையின் பதிவேட்டில் 40 பேர். 1785-இல் கோட்டைக்குள் அவர் கட்டிய கோயில் எழுந்து நின்றது. இன்றைக்கும் அது பாப்பாத்தியம்மாள் கோயில்தான்.

உங்களில் ஒருவர் இதைப் பிடித்துக்கொள்வார் என்று தெரியும். "பாத்தீங்களா டீச்சர், சுவார்ட்ஸ் ஐயரே நிறுத்தி வச்சிருக்காரே!" சரி, நிறுத்தி வைத்தார். அவர் பார்த்தது அந்த அம்மாளின் வாழ்க்கையை, பையை இல்லை. அந்த அளவுக்கும்கூட எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. அதுவும் போகட்டும். ஒரு தடவை திருப்பி அனுப்பப்பட்ட பெண்பிள்ளையிடமிருந்துதான் நாம் இவ்வளவு பேரும் வந்திருக்கிறோம். அவர் மனம் வெறுத்துப் போயிருந்தால்? யார் திரும்பி வருவார், யார் வராமலே போய்விடுவார் என்று நோட்டைப் பார்த்துச் சொல்ல முடியுமா? அந்த அம்மாள் கோயிலோடு நிற்கவில்லை, ஊருக்குக் கிணறும் வெட்டினார். பாப்பாத்தியம்மாள் கிணறு என்று பெயர். தலையில் விழுந்த மூன்று கை தண்ணீர், ஊர் குடிக்கிற தண்ணீராக ஆகியிருக்கிறது. இதைப் பரீட்சையில் எழுதினால் இரண்டு மார்க் கூடப் போடுவேன்.

பணமே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஐயருக்குச் சம்பளம், கோயில்பிள்ளைக்குச் சம்பளம், கரண்ட் பில், கூரை ஒழுக்கு, பல சேகரங்கள் சேர்ந்த திருமண்டலத்துக்குக் கட்ட வேண்டிய பங்கு எல்லாம் காற்றில் வராது. என் அம்மா சோறு பொங்குகிற ஒவ்வொரு வேளையும் உலையில் போடுமுன் ஒரு கைப்பிடி அரிசி தனிக் கலயத்தில் போட்டுவிட்டுத்தான் போடுவாள். அந்தக் கைப்பிடி அரிசியில் மிஷனெரிகள் போனார்கள், பள்ளிக்கூடங்கள் நின்றன. பாக்கி வைத்திருப்பவருக்குச் சேகரத் தேர்தலில் ஓட்டு இல்லை என்கிறீர்களா, வைத்துக்கொள்ளுங்கள், அது சங்கத்துக்கான விதி. கமிட்டியில் நிற்க முடியாது என்கிறீர்களா, அதுவும் சரிதான். கல்லறைக்கும் பாக்கி பார்க்கிறீர்கள், அதைப் பற்றி இன்னொரு மடல் எழுதத் தெம்பு இருக்கிறதா தெரியவில்லை. ஐந்து மாதப் பிள்ளைக்கு எந்தச் சங்கம், எந்த ஓட்டு? அவள் யாரிடம் கடன் வாங்கினாள்?

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். அந்தக் குடும்பம் எந்தத் தெரு என்று உங்களுக்குத் தெரியும். 1950-ஆம் வருடத்துக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, அந்தத் தெருக்காரர்கள் கிறிஸ்தவர் என்று பதிவாகிற அன்றைக்கே பட்டியல் சாதிச் சலுகை அற்றுப்போகிறது. சீக்கியருக்கு 1956-இல் திருத்தினார்கள், பௌத்தருக்கு 1990-இல் திருத்தினார்கள், கிறிஸ்தவர்களுக்கு இன்னும் இல்லை. அரசாங்கம் அவர்களிடம் ஞானஸ்நானத்துக்கு ஒரு விலை வாங்கிக்கொண்டிருக்கிறது. அதை எதிர்த்து நாம் ஊர்வலம் போனோம், கறுப்புப் பட்டை குத்தினோம். திரும்பி வந்து வெஸ்டிரியில் உட்கார்ந்து இரண்டாவது விலையை நாமே கேட்கிறோம்.

இப்போது பாக்கி என்ற பேச்சுக்கே வருகிறேன். அதைத்தான் இத்தனை நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஞானஸ்நான ஆராதனையில் பெற்றோரிடமும் ஞானப்பெற்றோரிடமும் கேள்வி கேட்ட பிறகு சபையாரிடமும் ஒன்று கேட்கிறார்கள். இந்தப் பிள்ளை கர்த்தரை அறிந்து வளரும்படி நீங்கள் உண்மையாய் நடந்துகொள்வீர்களா என்று. நாம் எழுந்து நின்று ஒரே குரலில் சொல்கிறோம், அப்புறம் பாட்டு எண் பார்க்கிறோம். நான் என் டைரியை எடுத்து எண்ணிப் பார்த்தேன். ஏழு பிள்ளைகளுக்கு நான் ஞானத்தாய். மூன்று பேர் கல்யாணத்துக்குக் கூப்பிட்டார்கள், போனேன். இரண்டு பேரோடு போனில் பேசுகிறேன். ஒருத்தி எந்த ஊரில் இருக்கிறாள் என்றே தெரியவில்லை. ஏழாமவன் தூத்துக்குடியில் உப்பளத்தில் வேலை பார்க்கிறான் என்று கேள்வி. வயது 24. அவன் திடப்படுத்தல் வகுப்புக்கு அப்புறம் நான் அவனோடு பேசவே இல்லை.

ஜனவரியில் ஒரு நாள் கிளம்பிப் போனேன். உப்பளத்தை ஒட்டி ஓட்டுக் கூரை போட்ட வரிசை அறைகள். மத்தியான வெயிலில் உப்பு கண்ணைக் குத்தியது. கதவைத் தட்டினேன், கைலியோடு எட்டிப் பார்த்தான். அடையாளம் தெரிய ஒரு நிமிஷம் ஆனது. தெரிந்ததும் முகம் வெளிறிவிட்டது.

"யாருக்கும் ஒண்ணுமில்லையே டீச்சர்?"

யாரோ செத்துவிட்டார்கள், சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்திருக்கிறான். இல்லப்பா, சும்மா பார்க்க வந்தேன் என்றேன். நம்பவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். பக்கத்துக் கடையிலிருந்து தூக்கில் டீ வாங்கி வந்து, தூக்கின் மூடியில் எனக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு அவன் நின்றுகொண்டே இருந்தான். கால் விரல் இடுக்கெல்லாம் வெடித்து, வெடிப்பில் வெள்ளையாக உப்பு ஏறி இருந்தது. பூட்ஸ் இல்லையா என்றேன். இருக்கு, ஓட்டையாயிட்டு என்றான். அப்புறம் சட்டென்று ஞாபகம் வந்தவன்போல ஆணியில் தொங்கின சட்டைப் பையைத் துழாவி 200 ரூபாய் எடுத்து நீட்டினான்.

"சங்கம் பாக்கி நிறைய இருக்கும் டீச்சர். இப்போ இத வச்சுக்கிடுங்க."

24 வருடத்தில் ஞானத்தாய் முதல் தடவையாக வீடு தேடி வந்திருக்கிறாள். ஒன்று சாவு, இல்லாவிட்டால் வசூல். கோயிலிலிருந்து ஆள் வந்தால் வேறு எதற்கு வருவார்கள் என்று அவனுக்குத் தெரியவில்லை, நாம் காட்டிக்கொடுக்கவும் இல்லை. அந்த 200 ரூபாயை நான் வாங்கவில்லை. பஸ் ஏறுகிறவரை அதைக் கையில் வைத்துக்கொண்டே பின்னால் வந்தான்.

நோட்டைப் புரட்டினால் அவன் பாக்கி எவ்வளவு என்று சொல்லிவிடலாம். என் பாக்கி எந்த நோட்டில் இருக்கிறது?

நம் வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த அசரியா ஐயரைப் பற்றி அசன விருந்துக்கு அசன விருந்து மேடையில் பேசுகிறோம். 1903-இல் இந்திய மிஷனெரி சங்கம் பிறக்கக் காரணமாக இருந்தவர், 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர், தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல் என்றெல்லாம் அடுக்குகிறோம். தோர்ணக்கல் பக்கத்துக் கிராமங்களில் அவர் செய்ததாகச் சொல்கிற ஒரு காரியம் எனக்கு மறக்கவே மறக்காது. ஞானஸ்நானம் பெற்றவர்களை நிறுத்தி, அவரவர் கையை அவரவர் தலையிலேயே வைக்கச் சொல்வாராம். வைத்துக்கொண்டு, நான் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவன், சுவிசேஷத்தைச் சொல்லாவிட்டால் எனக்கு ஐயோ என்று சொல்ல வேண்டும். நம் ஊரில் தலையில் கை வைத்தால் அர்த்தமே வேறு. அவர் தண்ணீர் விழுந்த இடத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். அந்த ஜனங்களில் பெரும்பாலானோர் நிலமில்லாத கூலிகள், எழுதப் படிக்கத் தெரியாத மாலா, மாதிகா என்ற தலித் மக்கள். அவர்கள் மேடை போட்டா சுவிசேஷம் சொன்னார்கள்? குடியை விட்டதில், கடனை அடைத்ததில், வீட்டுக்கு வந்தவனுக்குக் கஞ்சி ஊற்றினதில் அது தெரிந்தது.

திருப்பூர்ப் பெண்ணிடம் இப்போதெல்லாம் வாரம் ஒருமுறை போனில் பேசுகிறேன். பிள்ளை பிறந்த சமயம் அவளுக்குக் காய்ச்சல் வந்து பத்து நாள் படுக்கையாம். பக்கத்து அறையில் ஒடிசாவிலிருந்து வந்து தைக்கிற ஒரு அம்மாள் கஞ்சி வைத்துக் கொடுத்து, பிள்ளையின் துணியையும் துவைத்துப் போட்டிருக்கிறார். பேசப் பாஷை கிடையாது, கைச்சாடைதான். அந்த அம்மாள் ஞானஸ்நானம் பெற்றவரா என்று நான் கேட்கவில்லை. நம் சேகரத்துப் பிள்ளைகள் எத்தனை குடும்பம் திருப்பூரில் இருக்கிறது என்று கமிட்டியில் யாருக்காவது தெரியுமா? அவர்கள் பாக்கி மொத்தம் எவ்வளவு என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவீர்கள்.

பிலிப்பி பட்டணத்துச் சிறைச்சாலைக்காரன் கதையில் ஒரு வரிசை இருக்கிறது. பூமி அதிர்ந்து கதவெல்லாம் திறந்த ராத்திரி, அவன் முதலில் சிறையில் கிடந்த ஊழியர்களான பவுல், சீலா இவர்களின் அடிபட்ட காயங்களைக் கழுவுகிறான். அதற்கப்புறம் அவனும் அவன் வீட்டாரும் ஞானஸ்நானம் பெறுகிறார்கள். அதற்கப்புறம் வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போடுகிறான். எல்லாம் விடியுமுன். காயத்துக்கு ஊற்றினதும் தலைக்கு ஊற்றினதும் ஒரே குடத்துத் தண்ணீராகத்தான் இருக்கும் என்று நான் நினைத்துக்கொள்வேன். அந்த உப்பளத்துக் காலைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து இந்த வசனத்தை என்னால் வேறு மாதிரி வாசிக்க முடியவில்லை. பூட்ஸ் வாங்கி பஸ்ஸில் கொடுத்துவிட்டேன். ஒன்பதாம் நம்பர், கொஞ்சம் பெரிசாம்.

இதற்கு நடுவில், புது ஞானஸ்நானத் தொட்டி செய்யத் தீர்மானம் போட்டிருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். கறுப்புக் கிரானைட், உபயதாரர் பெயர் பொன் எழுத்தில். டியூப் லைட்டில் உபயம் எழுதி வெளிச்சத்தை மறைப்பதை நம் ஊர்க்காரர்கள் காலங்காலமாகச் செய்கிறோம், அதைச் சிரித்துவிட்டுப் போய்விடலாம். தொட்டியில் வேண்டாம் ஐயா. தலையைக் காட்டக் குனிகிற பிள்ளையின் முகத்துக்கு நேரே ஒரு பணக்காரர் பெயர் இருக்க வேண்டாம். பழைய கல்தொட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓரத்தில் ஒரு கீறல், அவ்வளவுதான், தண்ணீர் நிற்கும். நான் ஊற்றிப் பார்த்துவிட்டேன்.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. பாக்கி கட்டினால்தான் ஞானஸ்நானம் என்கிற அந்தத் தீர்மானத்தை எடுத்துவிடுங்கள். பாக்கிக்கு நோட்டு தனியே இருக்கட்டும், ஞானஸ்நானப் பதிவேடு தனியே இருக்கட்டும், இரண்டையும் ஒரே மேசையில் விரிக்க வேண்டாம். பிள்ளையைக் கொண்டுவருகிறவர்களிடம் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். விசுவாசத்தைக் கேளுங்கள், ஞானப்பெற்றோர் யார் என்று கேளுங்கள், நாலு நாள் கூப்பிட்டு உட்கார வைத்துப் போதியுங்கள். ஆதிச் சபையில் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களே அதற்குத்தானே, ஈஸ்டர் ராத்திரியில் ஞானஸ்நானம் பெறப் போகிறவர்கள் உபவாசித்து ஆயத்தப்பட்ட நாட்கள். அப்புறம், பதிவேட்டில் பிள்ளையின் பெயருக்கு நேரே கமிட்டி அங்கத்தினர் ஒருவரின் பெயரையும் எழுதுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை அவர் அந்த வீட்டுக்குப் போக வேண்டும், ரசீதுப் புத்தகம் இல்லாமல். திருப்பூர் என்றாலும் போக வேண்டும், பஸ் சார்ஜைச் சேகரம் கொடுக்கட்டும். கிரானைட்டுக்கு வைத்திருக்கிற பணம் எத்தனையோ பஸ் சார்ஜுக்கு ஆகும்.

ஈஸ்டருக்கு அவர்கள் வருகிறார்கள். மூன்று நாள் லீவு கிடைத்திருக்கிறது. பிள்ளை இப்போது தவழ்கிறாளாம், முன்பல் இரண்டு வந்துவிட்டது, கவுன் இறுக்கமாக இருக்குமோ என்று அம்மாவுக்குக் கவலை. கைக்குக் கீழே பிரித்துத் தைத்துக்கொள்ளலாம், நான் நூல் எடுத்து வைத்திருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அதிகாலை ஆராதனை நாலு மணிக்கு என்பதால் தண்ணீரைச் சுட வைக்க வேண்டியிருக்கும்.

நேற்று சாயங்காலம் கோயில்பிள்ளையிடம் சாவி வாங்கித் தொட்டி மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே பல்லி எச்சம், காய்ந்த புன்னை இலை ஒன்று, யாரோ மடித்துப் போட்ட பழைய பாட்டுத்தாள். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கழுவி, கவிழ்த்து வைக்க முடியாததால் துணியால் ஒற்றி எடுத்துவிட்டேன். மூடியைக் கொஞ்சம் திறந்தே வைத்திருக்கிறேன், உள்ளே ஈரம் காயட்டும் என்று. யாரும் மூடிவிட வேண்டாம்.

கிறிஸ்துவுக்குள்,
உங்கள் ஞாயிறு பள்ளி டீச்சர்
(சங்கக் காணிக்கை இந்த மாதம் வரை கட்டியாகிவிட்டது)